சருகில் இரண்டு முட்டை, கூடே இல்லை: பக்கியா?

முந்திரித்தோப்பு (பண்ருட்டி):
தம்பி ஜாம்பியாவில் வேலை பார்க்கிறான். ராத்திரி போனில் பேசினால் பின்னால் ஏதோ ஒன்று இழுத்து இழுத்து விசிலடிக்கிறது. போன வாரம் காட்டுப் பாதையில் காலடியிலிருந்து ஒரு பறவை எழுந்து பறந்ததாம். அந்த இடத்தில் சருகின் மேல் இரண்டு முட்டை, ஒரு குச்சிகூட இல்லை. ராத்திரியில் பூச்சி பிடிக்கும் நம்ம தோப்புப் பக்கிப் பறவை அங்கேயும் உண்டா?

உப்பளத்தான் (புதுச்சேரி):
பக்கிதான், ஆனால் நம்மூர்ப் பக்கி இல்லை. நம்முடையது "சக் சக் சக்ர்ர்" என்று, தரையில் கல்லைச் சிதறவிட்ட மாதிரிக் கத்தும். விசில் என்றால் பெரும்பாலும் செங்கழுத்துப் பக்கி. அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் குரல் "குட் லார்ட், டெலிவர் அஸ்" என்று ஜெபம்போலக் கேட்டதாம்! மழைக்கு முன், செப்டம்பர், அக்டோபரில் அதிகமாக முட்டையிடும். நிலா வெளிச்சத்தில் பூச்சி பிடிப்பது சுலபம் என்பதால் முட்டையிடுவதையும் நிலாவைப் பார்த்தே வைத்துக்கொள்கிறது.

முந்திரித்தோப்பு:
அட, பௌர்ணமிக் கணக்கா! சரி, முட்டையை ஓரமாக நகர்த்தி வைக்கட்டுமா என்று கேட்கிறான்.

உப்பளத்தான்:
வேண்டவே வேண்டாம். தொடாமல் வேறு பாதையில் போகச் சொல்லுங்கள். இறகும் சருகும் ஒரே நிறம், அதுதான் அதற்குக் கூடு. அப்புறம், அந்த விசிலைப் பதிவு செய்து இங்கே போடச் சொல்லுங்கள்.