புதுப்பிப்பு: ஜீரோ செட் கேள்விக்கு விடை வந்தாச்சு

முன்னாடி நான் கேட்டது இதுதான்: ஒரு ஹார்மோனிக் பாலினாமியல் (ஒவ்வொரு மாறியிலயும் ரெண்டாம் வகைக்கெழு எடுத்துக் கூட்டினா பூஜ்யம் வர்ற பாலினாமியல்) பூஜ்யமாகுற இடத்துல எல்லாம் (அதான் அதோட ஜீரோ செட்) இன்னொண்ணும் பூஜ்யமாச்சுன்னா, முதலாவது ரெண்டாவதை மீதியில்லாம வகுக்குமா? வகுக்கும்ங்க.

எல்லாமே ஒரு சின்ன விஷயத்துல நிக்குது, ப்ரெலோ–ஷோக்கே லெம்மா, அதாவது எங்கயும் நெகட்டிவ் ஆகாத பாலினாமியல் (மாறிலி தவிர) பூஜ்யமில்லாத எந்த ஹார்மோனிக் பாலினாமியலுக்கும் காரணியா இருக்க முடியாது. ப்ரூஃப் ரெண்டே வரி. ஹார்மோனிக் எச் = பி × க்யூ, எல்லாம் ஹோமோஜீனியஸ் (எல்லா உறுப்புக்கும் ஒரே டிகிரி), பி நெகட்டிவ் ஆகாதுன்னு வைங்க; கோளத்து மேல எச் தன்னைவிட டிகிரி கம்மியான எல்லாத்துக்கும் செங்குத்து (பெருக்கி இன்டெக்ரல் எடுத்தா பூஜ்யம்), க்யூவுக்கும் சேர்த்துதான், அப்போ பி × க்யூ² இன்டெக்ரல் பூஜ்யம், க்யூவே பூஜ்யம், முரண்பாடு. (ஹோமோஜீனியஸ் இல்லன்னா மேல் டிகிரி பகுதியை மட்டும் எடுத்தா போதும்.) அதனால காரணி ஒவ்வொண்ணும் குறி மாறியே ஆகணும், ஒரே காரணி ரெண்டு தடவை வரவும் முடியாது, ஏன்னா வர்க்கம் நெகட்டிவ் ஆகாதே. மிச்சத்தை ரியல் நல்ஸ்டெல்லன்ஸாட்ஸ் (ரியல் எண்கள்ல ஜீரோ செட்டையும் வகுபடுறதையும் இணைக்குற தேற்றம்) பாத்துக்கும்.

ரெண்டு மாறில, இசட் = எக்ஸ் + ஐ ஒய்-னு வெச்சு (ஐ² = −1) நீங்களே பெருக்கிப் பாருங்க: இசட்⁶-ஓட ரியல் பார்ட் = (எக்ஸ்²−ஒய்²)(எக்ஸ்⁴−14எக்ஸ்²ஒய்²+ஒய்⁴). முதல் காரணி இசட்²-ஓட ரியல் பார்ட்; 2 வந்து 6-ஐ வகுக்குது, ஈவு 3 ஒற்றைப்படை, அதனாலதான் வகுபடுது. இசட்⁴-க்கு இது நடக்காது, ஈவு 2 இரட்டைப்படை. செபிஷேவ் பாலினாமியலுக்கும் (காஸ் nθ-வை காஸ் θ-ல எழுதினா வர்றது) அதே ரூல்தான்.

லெஜாண்டர் பாலினாமியல் (கோளத்து மேல ஹார்மோனிக் பாலினாமியல்களைப் பாக்கும்போது வர்ற ஒரு-மாறி வரிசை) பக்கம் போனாதான் தலைவலி. இரட்டை டிகிரி லெஜாண்டர் விகிதமுறு எண்கள் மேல காரணிப்படாதுன்னு கணிதவியலாளர் ஸ்டீல்ட்யஸ் 1890-ல சொன்ன யூகம் இன்னும் தொங்கிட்டு இருக்கு, அதுல கை வைக்குற ஐடியா எனக்கு இல்ல சாமி.