மறு: ‘மென்ஷன்’ என்பதற்கு ‘விளி’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பணிக்குழு அரட்டையில் அட் குறி (@) இட்டு ஒருவர் பெயரை எழுதுவதை ஆங்கிலத்தில் ‘மென்ஷன்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற நம் உரையாடலில் ‘குறிப்பிடுதல்’, ‘சுட்டுதல்’, ‘குறிச்சொல்’ என மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. ‘டேக்’ என்பதற்கு ஏற்கெனவே வழங்கிவரும் ‘குறிச்சொல்’லை விட்டுவிடலாம். மற்ற இரண்டும் ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்கின்றனவே ஒழிய, நடக்கும் செயலைச் சொல்லவில்லை. ஒருவர் பெயரை வெறுமனே எழுதினால் அவரைக் குறிப்பிடுகிறோம். அவருக்கு ஒன்றும் நேர்வதில்லை. அதன் முன் அட் குறி சேர்ந்துவிட்டாலோ, அவருடைய சட்டைப்பையில் கைப்பேசி அதிர்கிறது. கைவேலையை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்க்கிறார். நாம் செய்தது கூப்பிடுதல்.

கூப்பிடுவதற்கென்றே தமிழ் இலக்கணம் எட்டாம் வேற்றுமையை வைத்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் நான்காம் இயலே விளிமரபுதான். அருகில் இருப்பவரை அழைக்கும் முறையும் தொலைவில் இருப்பவரை அழைக்கும் முறையும் வேறு என்பது அங்கேயே பேசப்படுகிறது. எனவே ‘விளி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ‘அழைப்பு’ ஆகாது, குரல் அழைப்புக்கும் காணொளி அழைப்புக்கும் அது போய்விட்டது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பருவ காலத்தில் தோத்தாபுரி மாம்பழ லோடு இரவு பகலாக வந்திறங்கும். ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு, எடைமேடையில் இருந்தவர் ஒரே ஒரு லாரிப் பழத்தின் பிரிக்ஸ் அளவை, அதாவது இனிப்பின் அளவை, கேட்பதற்காக அரட்டை ஓடையில் (‘சேனல்’) இருந்த எல்லோரையும் விளித்துவிட்டார். பகல் முறை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். பதில் சொல்ல வேண்டிய ஆய்வகத்தாரோ, இத்தனை பேரில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார். லாரி விடியும்வரை வாசலில் நின்றது. பெயர் சொல்லி அவர் ஒருவரை மட்டும் விளித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஆகவே ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். ஒருவரை அழைப்பது பெயர்விளி. ஸ்லாக் என்னும் பணிக்குழு அரட்டைச் செயலியில் அட் குறியோடு ‘ஹியர்’ என்று இட்டால் அந்நேரம் இயக்கத்தில் இருப்போருக்கு மட்டும் அறிவிப்பு போகிறது, அது அவைவிளி. ‘சேனல்’ என்று இட்டால் இருப்பவர், இல்லாதவர் என உறுப்பினர் அனைவருக்கும் போகிறது, அது ஊர்விளி. ‘நேரங்கெட்ட நேரத்தில் ஊர்விளி விடுக்காதீர்கள்’ என்று அலுவலக விதியில் எழுதினால், புதிதாகச் சேர்ந்தவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஊர்விளிக்குத் ‘தண்டோரா’ என்று ஒரு நண்பர் சொன்னார். பொருள் பொருந்துகிறது, ஆனால் அந்த வேலை குறிப்பிட்ட மக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தது. தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடத் தமிழ்நாட்டரசே 2022-இல் அறிவுறுத்தியது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் அந்தத் தப்போசையைக் கேட்டு வளர்ந்த என்னால் அச்சொல்லை மென்பொருளுக்குள் மீண்டும் கொண்டுவர இயலாது.

‘விளிந்தார்’ என்றால் இறந்தார் என்று பொருள்படுமே என்ற தடையும் நியாயமானது. எனினும் ‘விளிந்தார்’ வேறு, ‘விளித்தார்’ வேறு; நாம் பயன்படுத்தப்போவது இரண்டாவதை மட்டுமே. விளித்தவர், விளிக்கப்பட்டவர், விளிப்பட்டியல் என்று சொல் தடையின்றிக் கிளைக்கிறது. ஒரு செய்தியின் கீழ்த் தொடரும் பதில்களான ‘திரெட்’ என்பதற்கு ‘இழை’, ‘சேனல்’ என்பதற்கு ‘ஓடை’ ஆகியவற்றில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

அட் குறிக்குப் பெயர் வைப்பதுதான் எஞ்சி நிற்கிறது. ‘விளிக்குறி’ என்று எழுதத் தொடங்கிப் பின் நிறுத்திக்கொண்டேன். பள்ளி இலக்கண நூல்களில் வியப்புக்குறியின் வடிவத்துக்கே, ஒருவரை அழைக்குமிடத்தில், அப்பெயர் வழங்குகிறது. ‘விளிசுழி’ என்பது இப்போதைக்கு என் கையில் இருக்கும் சொல். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.