கணக்கு மென்பொருள் திறக்கத் தாமதம்: பின்னணியில் ஓடும் இந்தப் புரோசஸ்கள் எவை?

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். இரணைமடுக் குளத்தின் கீழ் நெற்செய்கை நடக்கும் கிராமம் ஒன்றின் கமக்காரர் அமைப்பில் கணக்கெழுதும் பொறுப்பில் இருக்கிறேன். எனது கணினி விண்டோஸ் 10, 4 ஜிபி நினைவகம், பழைய ஹார்ட் டிஸ்க் கொண்டது. அதுவும் மற்றொரு கணினியும் ஒரு ரவுட்டரால் இணைக்கப்பட்டுள்ளன. அச்சுப்பொறி அந்த மற்றக் கணினியில் பொருத்தப்பட்டிருக்கிறது. இணையத்துக்கான டொங்கிளைத் தேவை வரும்போது மட்டுமே போடுகிறோம்.

காலையில் கணக்கு மென்பொருளைச் சொடுக்கினால் நெடுநேரம் எதுவும் நடப்பதில்லை. வேர்ட் கூட அப்படித்தான். பெரும்போக உரமானிய விவரம் பதிய வந்தவர்கள் வெளியே காத்திருக்க, நான் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஓடும் நிரல்களை, அதாவது புரோசஸ்களை, காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்தால் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் பல தடவை வருகிறது. டைவேர்க்கர், எம்எஸ்கோர்எஸ்விடபிள்யூ என்பனவும் ஓடுகின்றன. இவை வைரஸா? நிறுத்திவிடலாமா?

மறுமொழி (வவுனியா)

பெயரை மட்டும் பார்த்து எதையும் நிறுத்தாதீர்கள் என்பதை முதலில் வேண்டிக்கொள்கிறேன். டைவேர்க்கர் விண்டோஸ் புதுப்பிப்புகளை நிறுவும் பகுதி. பாதியில் நிறுத்தினால் அடுத்த முறை அதே வேலை மீண்டும் தொடங்கும். எம்எஸ்கோர்எஸ்விடபிள்யூ என்பது, பல மென்பொருள்கள் இயங்கத் தேவைப்படும் டொட்நெட் என்ற மைக்ரோசொஃப்ட் தளம் புதுப்பிக்கப்பட்ட பின், அதன் நிரல்களை உங்கள் கணினிக்கு ஏற்றவாறு முன்கூட்டியே மொழிமாற்றி வைக்கும் சேவை. கணினியைச் சற்று நேரம் தொடாமல் ஓடவிட்டால் வேலையை முடித்துக்கொண்டு அது தானாகவே அடங்கிவிடும். வேலை முடிந்தவுடனே கணினியை அணைத்துவிடும் அலுவலகங்களில் இவ்விரண்டுக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு காலையும் அவை நம்மோடு ஹார்ட் டிஸ்க்குக்குப் போட்டியிடுகின்றன.

விண்டோஸின் பின்னணிச் சேவைகளை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் பல இருப்பதும் இயல்பே. 2017இல் வந்த 1703ஆம் பதிப்பு முதல், 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் விண்டோஸ் சேவைகளில் பெரும்பாலானவற்றைத் தனித்தனிப் புரோசஸ்களாகப் பிரித்தே ஓட்டுகிறது. ஆனால் அதே பெயரில் தீய நிரல்கள் ஒளிந்திருப்பதும் உண்டு என்பதால், ஒவ்வொன்றின் மீதும் வலது சொடுக்குச் செய்து, கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சிஸ்டம்32 என்றால் அச்சம் வேண்டாம். பயனர் கோப்புறையிலோ, ஆப்டேட்டாவிலோ, டெம்ப்பிலோ இருந்தால் அது வேடதாரி. அப்போது டொங்கிளைப் போட்டு, விண்டோஸின் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டரைப் புதுப்பித்துவிட்டு, அதிலுள்ள ஆஃப்லைன் ஸ்கானை ஓட்டுங்கள்; அது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும். கடைகளில் படம் அச்சிடக் கொடுத்து வாங்கும் பென் டிரைவ்கள் வழியாகவே இவை எங்கள் பக்கத்தில் அதிகம் பரவுகின்றன.

மறுமொழி (முல்லைத்தீவு)

வவுனியா நண்பர் சொன்னது சரி. எனினும் உங்கள் விவரத்தில் எனக்கு வேறொன்று பட்டது. மென்பொருள் திறக்காத அந்த நேரத்தில் டாஸ்க் மனேஜரில் டிஸ்க்கும் சிபியூவும் எவ்வளவு காட்டுகின்றன? டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் பின்னணி வேலைகளே காரணம். இரண்டும் அமைதியாக இருந்தும் திறக்கவில்லையென்றால், கணினி வேலை செய்யவில்லை, யாரோ ஒருவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. எந்தப் புரோசஸை நிறுத்தினாலும் அந்தத் தாமதம் குறையாது.

வேர்ட் திறக்கும்போது இயல்புநிலை அச்சுப்பொறியைத் தொடர்புகொள்ளும். உங்கள் அச்சுப்பொறியோ மற்றக் கணினியில் இருக்கிறது. அது காலையில் அணைந்திருந்தால், வேர்ட் வலையமைப்பில் அதைத் தேடிக் களைத்த பிறகே திறக்கும். சோதனைக்காக மைக்ரோசொஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதை இயல்புநிலையாக்கிப் பாருங்கள். அதற்கு முன், இயல்புநிலை அச்சுப்பொறியை விண்டோஸே தெரிவுசெய்யும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அச்சுக்குப் பின் பழையபடி மாறிவிடும்.

கணக்கு மென்பொருளின் காரணம் வேறாக இருக்கலாம். டொட்நெட் 3.5 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் எழுதப்பட்டு, இலத்திரனியல் கையொப்பம் இடப்பட்ட மென்பொருள்கள், அந்தக் கையொப்பத்துக்கான சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று தொடங்கும்போதே இணையத்தில் விசாரிக்கும். ரவுட்டர் இருப்பதால் வலையமைப்பு உண்டு என்று கணினி நம்புகிறது. அப்பால் இணையம் இல்லாததால் நேரவரம்பு முடியும் வரை அது காத்துக் கிடக்கும். டொங்கிளைப் போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் கணினியை மறுதொடக்கம் செய்த பின் திறந்து ஒப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எல்லா எஸ்விசிஹோஸ்ட்டும் சிஸ்டம்32இலேயே இருக்கின்றன. பிடிஎஃப்பை இயல்புநிலையாக்கியதும் வேர்ட் உடனே திறந்தது. கணக்கு மென்பொருள் டொங்கிள் போட்டிருந்தால் விரைவாகவும், கழற்றினால் தாமதமாகவும் திறக்கிறது. அப்போது டிஸ்க் அமைதியாகவே இருக்கிறது. ஒவ்வொரு காலையும் இதற்காக டேட்டா செலவழிக்க எங்களுக்கு வசதியில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி (முல்லைத்தீவு)

உண்டு. அந்த மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று குறிக்கும் கொன்ஃபிக் கோப்பில் ஜெனரேட் பப்ளிஷர் எவிடன்ஸ் என்ற வரியைச் சேர்த்து, அதன் மதிப்பைப் பொய் என்று வைத்தால் அந்த விசாரிப்பு அந்த மென்பொருளுக்கு மட்டும் நின்றுவிடும். இதை மென்பொருளை வழங்கியவரைக் கொண்டே செய்வியுங்கள். இன்டர்நெட் ஒப்ஷன்ஸில் சான்றிதழ்ச் சோதனையை முழுதாக அணைக்கச் சிலர் ஆலோசனை தருவார்கள். அது கணினியின் எல்லாப் பதிவிறக்கங்களையும் பாதிக்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் அமைப்பின் தலைவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கமக்காரர்களின் அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் அந்தக் கணினியில் இருக்குமாயின், அடுத்த செலவுக் கூட்டத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன்பாக இதையே பேச வேண்டும்.