புதுப்பிப்பு: வெளிநாடு வந்தபின் குதிரையை விற்கவில்லை, இரவல் கொடுத்தேன்
இங்கிலாந்தில் விட்டுவந்த என் பெண்குதிரையை விற்பதா, இரவல் கொடுப்பதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. விற்றால், வாங்கியவர் நாளைக்கே வேறு யாருக்கோ விற்கலாம், அது எனக்கு ஒத்துவரவில்லை, அதனால் இரவல்தான். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி என்ற குதிரை நல அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தை வைத்து எழுதுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது: தீவனம், லாடம், மருத்துவச் செலவு யார் பொறுப்பு, எவ்வளவு முன்னறிவிப்பில் திருப்பித் தரலாம், எல்லாம் எழுதிக்கொண்டோம்.

குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட் எப்போதும் குதிரையோடு இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் இரவல் வாங்கியவர்களிடமே கொடுத்தேன். ஆனால் அது உரிமைப் பத்திரம் ஆகாது, ஆகவே உரிமையாளர் நான்தான் என்று மைக்ரோசிப் எண்ணோடு தனியாக எழுதியிருக்கிறது.

எதிர்பாராதது, கால்நடை மருத்துவர் கேட்ட கேள்வி: அங்கே பிற்பகலில் குதிரைக்குக் கடும் வயிற்றுவலி வந்து கருணைக்கொலைதான் வழி என்றால், மெல்போர்னில் நடுராத்திரியில் தூங்கும் உங்களை யார் எழுப்புவது? அந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தையும், மனசே இல்லாமல், இரவல் வாங்கியவர்களுக்கே எழுத்தில் கொடுத்துவிட்டேன். நீங்களும் இப்படிக் கொடுத்தால், காப்பீட்டு நிறுவனத்திடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.