கிளிநொச்சிக் கடை ஒன்றின் பெயரில் பாதி விலை விளம்பரம்: உண்மையா என்று எப்படி அறிவது?

முரசுமோட்டைப் பிள்ளை எழுதியது:

வணக்கம் உறவுகளே, கொஞ்சம் அவசரம். அப்பா வயலுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர்ப் பம்ப் ஒன்று வாங்கக் கனநாளாக நினைத்திருந்தார். எங்கள் காணி வாய்க்காலின் கடைசியில் இருப்பதால் சிறுபோகத்தில் தண்ணீர் வந்து சேர்வது பெரிய பாடு. நேற்றிரவு பேஸ்புக்கில் அவருக்கு ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. கிளிநொச்சியில் நாங்கள் காலங்காலமாகச் சாமான் வாங்குகிற கடையின் பெயர், அதே கடை முகப்பு. "கடை இடம் மாறுவதால் எல்லாம் பாதி விலை, மூன்று நாள் மட்டும்" என்று போட்டிருக்கிறார்கள்.

அழுத்தினால் கடையின் பெயரிலேயே ஓர் இணையத்தளம் திறக்கிறது. பம்ப், மருந்தடிக்கிற மெசின், புல்லு வெட்டுகிற மெசின் என்று எல்லாம் படத்துடன் இருக்கின்றன. வட்ஸ்அப்பில் கேட்டால் உடனே பதில் வருகிறது. பாதிக் காசை முற்பணமாக வங்கியில் போட்டால் இரண்டு நாளில் வீட்டுக்கே வருமாம். தந்த கணக்கு கடையின் பெயரில் இல்லை, யாரோ ஒருவருடைய பெயர். கேட்டால் "அது கணக்காளரின் கணக்கு" என்கிறார்கள்.

அப்பா "தெரிஞ்ச கடைதானே பிள்ளை, அவையள் ஏமாத்தாயினம்" என்கிறார். அந்தக் கடை ஏமாற்றாது என்று எனக்கும் தெரியும். ஆனால் எழுதுகிறவர்கள் அந்தக் கடைக்காரர்தானா? இன்று ஞாயிறு, கடை பூட்டு. நாளையோடு சலுகை முடிகிறது என்று அப்பா அந்தரப்படுகிறார். இணையத்தளத்தில் பூட்டு அடையாளமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பரந்தன் தம்பி எழுதியது:

அக்கா, ஒரு சதமும் போட வேண்டாம். போன கிழமை நான் அந்தக் கடைக்குச் சங்கிலி வாள் திருத்தப் போயிருந்தேன். இடம் மாறுகிற ஆயத்தம் எதுவும் அங்கே இல்லை.

கரடிப்போக்கு அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் கிளிநொச்சியில் இதேபோன்ற ஒரு விவசாய மெசின் கடையில் பில் போடுகிறவள். கடைப் போனும் பேஸ்புக் பக்கமும் என் பொறுப்பு. பெரும்போக நெல்லுக் காசு கையில் புழங்குகிற நேரம் பார்த்து எங்கள் கடையின் பெயரிலும் இப்படி ஒரு போலிப் பக்கம் ஓடியது. அது எங்கள் கண்ணில் படவே இல்லை. விளம்பரம் போடுகிறவர் எந்த மாவட்டத்துக்கு, எந்த வயதுக்காரருக்குக் காட்ட வேண்டும் என்று தெரிவு செய்யலாம். விசுவமடுவிலும் தருமபுரத்திலும் உள்ள கமக்காரர் பார்க்கிறார்கள், கடைக்காரருக்குச் சங்கதியே தெரியாது.

ஒருநாள் மத்தியானம் ஒரு ஐயா கடைக்கு வந்தார். சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த வங்கித் துண்டை எடுத்து மேசையில் விரித்து வைத்தார். "பிள்ளை, மிச்சக் காசும் கொண்டு வந்திருக்கிறன், மெசினைத் தாங்கோ" என்றார். துண்டில் இருந்த பெயரை எங்கள் முதலாளி இரண்டு தரம் வாசித்தார். அப்படி ஒருவரை எங்களில் எவருக்கும் தெரியாது. ஐயாவுக்கு அது விளங்கவில்லை. அவரைப் பொறுத்தவரை காசு வாங்கியது நாங்கள்தான். அன்றைக்குப் பட்ட மனவருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே முதலில் சொல்வது இதுதான்: பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் கடையைப் பிடியுங்கள். படம், பெயர், விலாசம், முதலாளியின் முகம் எல்லாவற்றையும் களவெடுத்துப் போடலாம். உங்கள் வீட்டில் அந்தக் கடையின் பழைய பில்லோ முத்திரை குத்திய வாறண்டி அட்டையோ கட்டாயம் இருக்கும். அதில் உள்ள, 021 என்று தொடங்குகிற கடைப் போன் இலக்கத்துக்கு நாளைக்குக் காலையில் எடுங்கள். விளம்பரத்தில் இருக்கிற இலக்கத்துக்கு எடுத்து "நீங்கள் உண்மையான கடையா" என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார்கள். கூகுள் மப்பில் உள்ள இலக்கத்தையும் அப்படியே நம்ப வேண்டாம், அதை மாற்றும்படி வெளியாட்களும் பரிந்துரை அனுப்பலாம். பில்லில் இருப்பதையும் கடைப் பலகையில் இருப்பதையும் நம்புங்கள். அதைவிட நல்லது, அப்பாவை நாளைக்கு ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடுவது. ஏ35 வீதியில் பரந்தன், அங்கிருந்து கிளிநொச்சி, எவ்வளவு தூரம்? நாளையோடு முடிகிறது என்பதெல்லாம் நீங்கள் அந்தப் படி ஏறாமல் இருக்கத்தான்.

இனி, இன்றைக்கே ஒரு சோதனை செய்து பார்க்க விரும்பினால் வட்ஸ்அப்பில் இருப்பவரிடம் வயல் கதை கதையுங்கள். எங்களிடம் பம்ப் கேட்டு வருகிறவரிடம் விலை சொல்ல முன்னம் நாங்கள் கேட்பது "கிணறோ, வாய்க்காலோ? தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது?" என்பதுதான். மேலே வைத்து இழுக்கிற பம்ப் ஏறத்தாழ 25 அடிக்குக் கீழே நிற்கிற தண்ணீரை இழுக்காது. எந்த விலைக்கு வாங்கினாலும் இழுக்காது. அது தெரியாமல் விற்றால் மறுநாளே மெசின் திரும்பி வரும், சண்டையும் வரும். உங்களோடு கதைத்தவர் அதைக் கேட்டாரா? ஹோஸ் எத்தனை அடி வேண்டும் என்று கேட்டாரா? பெயர், விலாசம், முற்பணம் என்று மட்டும் கேட்டிருந்தால் அவர் மெசின் விற்கிறவர் இல்லை.

முரசுமோட்டைக்கு எப்படி அனுப்புவீர்கள் என்றும் கேளுங்கள். நாங்கள் என்றால் புதுக்குடியிருப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நடத்துனரின் இலக்கத்தைத் தந்து, சந்தியில் வந்து இறக்குங்கோ என்போம். எங்கள் போலிப் பக்கத்துக்காரர் எல்லோருக்கும் ஒரே வசனத்தைத்தான் திருப்பித் திருப்பி அனுப்பியிருந்தார்: "2 முதல் 3 வேலை நாட்களில் கூரியர்."

படத்தையும் உற்றுப் பாருங்கள். எங்கள் போலிப் பக்கத்தில் இருந்தது மஞ்சள் பலகை. நாங்கள் நீலப் பலகைக்கு மாறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழைய பதிவில் இருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தெரிந்த கடை என்றால் இப்படியான வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் பிடிபடும்.

வங்கிக் கணக்குப் பற்றி ஒன்று. எங்கள் பக்கத்துச் சின்னக் கடைகள் பல முதலாளியின் சொந்தக் கணக்கில் காசு வாங்குகின்றன, அது பிழை இல்லை. ஆனால் அந்தப் பெயர் யாருடையது என்று கடைக்கே எடுத்துக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கேட்காமல் போட வேண்டாம். சாமான் வந்த பிறகு காசு என்றாலும் கவனம். பெட்டியை உடைக்க முன்னமே கூரியர்ப் பொடியனிடம் காசைக் கொடுக்க வேண்டியிருக்கும், அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

குருமன்காடு அண்ணா எழுதியது:

அக்கா சொன்னதோடு கணினிப் பக்கத்துச் சில விஷயங்கள். பூட்டு அடையாளம் கடைக்குத் தரும் நற்சான்று இல்லை. உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகிறதை வெளியாள் வாசிக்க முடியாது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். அந்தப் பூட்டைக் காட்ட வைக்கிற சான்றிதழை எவரும் இலவசமாகவே எடுக்கலாம், கள்ளரும் எடுக்கிறார்கள்.

பேஸ்புக் பக்கத்தில் 'பக்க வெளிப்படைத்தன்மை' என்ற பகுதிக்குப் போங்கள். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்று அங்கே தெரியும். பல்லாயிரம் பேர் பின்தொடர்கிற ஒரு சினிமாப் பக்கத்தைக் கையகப்படுத்தி, பெயரைக் கடைப்பெயராக மாற்றி ஓடவிடுவது வழமை. அதனால் பின்தொடர்வோர் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கிருந்தே விளம்பர நூலகத்துக்கும் போகலாம், இந்த விளம்பரம் எந்தத் திகதியில் தொடங்கியது என்று காட்டும். இணையத்தளப் பெயரை 'ஹூ இஸ்' (whois) என்ற தளப்பெயர்ப் பதிவுத் தேடலில் போட்டால் பதிவு செய்த நாள் வரும். இத்தனை வருஷம் இருக்கிற கடைக்கு இரண்டு கிழமைக்கு முன் பதிந்த தளம் என்றால் யோசிக்கத் தேவையில்லை. அதைவிட, நம்முடைய ஊர்களில் பெரும்பாலான கடைகளுக்கு இணையத்தளமே கிடையாது. திடீரென்று ஒன்று முளைத்தால் அதுவே சந்தேகத்துக்குப் போதும்.

வெளிநாட்டில் இருந்து ஊருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற சொந்தக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களால் கடைப் பலகையைப் போய்ப் பார்க்க முடியாது, அதோடு வங்கி அட்டை இலக்கத்தையும் போனுக்கு வருகிற ஓடிபியையும் போலித் தளத்தில் அடித்துவிட்டால் முற்பணத்தோடு நிற்காது.

முரசுமோட்டைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றே வட்ஸ்அப்பில் "வாய்க்காலில் இருந்து இழுக்க எந்தப் பம்ப் நல்லது" என்று கேட்டுப் பார்த்தேன். "எல்லாம் நல்ல தரம், இருப்பு இரண்டு மட்டுமே, உடனே செலுத்தவும்" என்று வந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இவன் ஒரு நாளும் வயல் கண்டவன் இல்லை" என்றார். அதற்குப் பிறகு காசு போடுகிற கதை இல்லை.

இன்று காலை பழைய பில்லில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். முதலாளியே கதைத்தார். இடம் மாறவும் இல்லை, மலிவு விற்பனையும் இல்லை. இந்த விளம்பரம் பற்றிக் கேட்ட மூன்றாவது ஆள் நானாம், ஒருவர் காசும் போட்டுவிட்டாராம். அவர் எங்கே முறையிட வேண்டும்?

கரடிப்போக்கு அக்கா எழுதியது:

முறைப்பாட்டுக்கு முன்னம் வங்கி. காசு போட்டவர் இந்த நிமிஷமே தன் வங்கிக்கு எடுத்து, காசு போய்ச் சேர்ந்த கணக்கை மறிக்கக் கேட்க வேண்டும். இப்போது காசு உடனுக்குடன் போய்ச் சேர்வதால் எடுக்கிறவனும் உடனே எடுத்துவிடுவான், மத்தியானம் வரை பொறுக்கக் கூடாது. அடுத்தது, பக்கம் மறைய முன்னம் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள்: விளம்பரம், தளத்தின் முழு முகவரி, வட்ஸ்அப் இலக்கம் தெரிகிற மாதிரி உரையாடல், கணக்கு இலக்கம். நீங்களும் உங்களிடம் உள்ளதைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். அவற்றோடு காசு போட்டவரும் கடைக்காரரும் சேர்ந்து பொலிசுக்குப் போகட்டும். எங்கள் முதலாளி அந்த ஐயாவோடு ஒன்றாகப் போனதால்தான் கடையில் பிழை இல்லை என்பதும் அங்கே பதிவானது. இணைய மோசடி முறைப்பாடுகளைக் கேட்கிற இலங்கை சேர்ட் (Sri Lanka CERT) நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் சொல்லலாம். பேஸ்புக்கில் முறையிடும்போது 'ஆள்மாறாட்டம்' என்பதையே தெரிவு செய்யுங்கள், கடையின் உண்மையான பக்கத்தில் இருந்து செய்தால் நல்லது.

கடைக்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஒரு கடதாசியில் எழுதி இன்றைக்கே கடை வாசலில் ஒட்டட்டும், தங்கள் பக்கத்திலும் போடட்டும். பேர் கெட்டுவிடும் என்று எங்கள் கடையில் முதலில் தயங்கினார்கள். ஒட்டிய பிறகு சனம் வந்து நன்றிதான் சொன்னது.