மறு: பிங்கோவுக்குத் தமிழ்ச்சொல் – 'வடியுறை' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துப் பாற்கட்டி (சீஸ்) பற்றிய கட்டுரையில் 'பிங்கோ' என்ற போர்ச்சுக்கீசியச் சொல் வருகிறது. நேற்றைய பாற்கட்டியிலிருந்து வடிந்து, மறுநாள் பாலுக்கு உறையாகச் சேரும் உப்புத் தெளிவு அது. அதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: நொதித்துளி, தொடக்கக் கலவை, சில்லுறை. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் வேறொரு சொல்லை முன்வைக்கிறேன். அதற்கு முன் பிங்கோ எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். செய்முறை கண்முன் இருந்தால்தான் சொல் சரியாக அமையும்.

செர்ரா டா கனாஸ்ட்ரா என்பது சாவோ பிரான்சிஸ்கோ ஆறு பிறக்கும் மலைப்பகுதி. அங்கே சாவோ ரோக்கி டி மினாஸ், மெடெய்ரோஸ் போன்ற சிற்றூர்களைச் சுற்றியுள்ள பண்ணைகளில் ஒரே குடும்பம்தான் பாலும் கறக்கிறது, பாற்கட்டியும் செய்கிறது. வெளிப்பால் வாங்கக் கூடாது, சொந்த மாட்டுப் பால்தான். காலையில் கறந்த பாலை வடிகட்டி, காய்ச்சாமல், கறந்த சூடு ஆறுவதற்குள் அதில் பிங்கோவையும், பாலை உறையவைக்கும் நொதியான ரென்னெட்டையும் சேர்க்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பால் உறைந்துவிடும். அதைக் கத்தியால் வெட்டிக் கலக்கி, பிரிந்து வரும் தெளிவை இறுத்துவிட்டு, மிஞ்சியதை வட்ட அச்சுகளில் அள்ளிப் போட்டுத் துணி வைத்துக் கையாலேயே அழுத்துகிறார்கள். ஒரு கிலோ பாற்கட்டிக்குக் கிட்டத்தட்ட பத்து லிட்டர் பால் பிடிக்கிறது.

நமக்கு வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. அச்சில் இருக்கும் கட்டியின் மேல் கல்லுப்பைத் தூவி, சற்றே சரிவான, ஓரத்தில் வாய்க்கால் வெட்டிய மேடையில் வரிசையாக வைத்துவிடுகிறார்கள். உப்பு கரைந்து உள்ளே இறங்க இறங்க, கட்டியிலிருந்து தெளிவு சொட்டுச் சொட்டாக வெளியேறி வாய்க்கால் வழியே ஒரு பாத்திரத்தில் விழும். மாலையிலும் இரவிலும் சொட்டும் இந்த உப்புத் தெளிவுதான் மறுநாள் காலைப் பாலுக்குப் பிங்கோ. முதலில் வடியும் தெளிவு பிங்கோ ஆகாது. உப்பு ஏறிய பிறகு வடிவதுதான் வேண்டும், ஏனென்றால் வேண்டாத கிருமிகள் பலவற்றை அந்த உப்பு அடக்கிவைக்கிறது. உப்பைத் தாங்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஒவ்வொரு பண்ணையின் புல், மாடு, மேடை, காற்று எல்லாம் சேர்ந்து அந்தப் பண்ணைக்கே உரிய கலவையாக அது அமைகிறது. ஒரு நாள் பிங்கோ கெட்டுப்போனால் பாற்கட்டி உள்ளே காற்றடைத்து உப்பிவிடும். அப்போது அதைக் கொட்டிவிட்டு, பக்கத்துப் பண்ணையில் போய்க் கொஞ்சம் வாங்கி வந்து மறுபடி தொடங்குகிறார்கள். இதைப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் சட்டென்று மனத்தில் வருவது "கொஞ்சம் பிரை இருந்தா குடுங்க" என்பதாகத்தான் இருக்கும்.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> பிங்கோ என்றால் சொட்டு, துளி என்றுதானே பொருள்? நொதித்துளி என்றால் போதாதா?

போதாது, ஐயா. 'நொதி' என்பதைப் பாடநூல்கள் என்சைமுக்கு உறுதியாக்கிவிட்டன. பிங்கோவில் இருப்பது உயிருள்ள பாக்டீரியாக்கள். பாற்கட்டி செய்யும்போது என்சைமும் தனியாக, ரென்னெட் வடிவில், அதே பாலில் சேர்கிறது. பிங்கோவை நொதித்துளி என்றால் படிப்பவர் அதை ரென்னெட் என்றே எடுத்துக்கொள்வார். கட்டுரை முழுவதும் குழம்பிப்போகும்.

'தொடக்கக் கலவை' என்ற சொல்லைக் கேட்டால் எதைத் தொடங்குகிறது, எதன் கலவை என்று எதுவும் தெரியவில்லை. தினமும் பாலுக்கு உறை ஊற்றிவிட்டுப் படுக்கப் போகிற மக்களுக்கு இப்படி ஒரு சொல்லைக் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

> புறநானூறு 276-இல் "குடப்பால் சில்லுறை" என்றே வருகிறது. ஏன் அதை எடுக்கக் கூடாது?

இதைக் கொண்டுவந்த அம்மாவுக்கு முதலில் நன்றி. மதுரைப் பூதன் இளநாகனாரின் அந்தப் பாட்டில் ஆயர் மகள் தன் நகத்தால் தெறித்த ஒரு துளி உறை, குடம் நிறைந்த பாலையே மாற்றிவிடுகிறது. ஒரு முதியவளின் மகன் தனியாளாகப் பகைப்படை முழுவதற்கும் நோயாக அமைந்தான் என்பதற்கு அது உவமை. பாலில் இடும் பொருளுக்கு 'உறை' என்ற பெயர் எத்தனை பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே அடிச்சொல் உறைதான் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பிரை, புரை என்றும் சொல்கிறோம், சில வீடுகளில் தோய்ப்பது என்கிறோம். ஆனால் உறை எல்லா ஊரிலும் புரியும்.

தயக்கம் 'சில்' என்ற முன்னொட்டில்தான். பிங்கோவைத் தனியாகக் காட்டுவது அதன் அளவு அல்ல. நம் வீட்டு உறைமோரும் சிறிதளவுதான், கடையில் விற்கும் பொட்டலப் பாக்டீரியாவும் சிறிதளவுதான். நேற்றைய கட்டியிலிருந்து உப்போடு வடிந்தது என்பதே அதன் அடையாளம். அதோடு, அச்சில் 'சில்லுறை' என்று பார்த்தால் பாதிப்பேர் 'சில்லறை' என்பதன் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள். மெய்ப்புப் பார்ப்பவரே திருத்திவிடவும் கூடும்.

அதனால் என் பரிந்துரை: வடியுறை. வடிந்து கிடைத்த உறை.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மினாஸில் எல்லாரும் பிங்கோ ஊற்றுவதில்லை. சில பண்ணைகளில் முந்தைய பாற்கட்டியைத் துருவி அந்தத் துருவலையே புதுப் பாலில் போடுகிறார்கள். அதற்கு 'ரலா' என்று பெயர். வடியுறை என்று வைத்துக்கொண்டால் இதைத் துருவுறை என்று சொல்லிவிடலாம். ஆலையில் உலர்த்தி விற்பது பொடியுறை. நம் அடுப்படியில் உறைமோர் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக உறை. ஒரு சொல்லைப் பார்த்ததும் அடுத்ததைத் தானே ஊகிக்க முடிகிற தொகுதி அமைவது அபூர்வம். இதை விட்டுவிடக் கூடாது என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்.

வடியுறை என்பதை வடிகட்டும் பை என்று யாராவது படித்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். உறைக்கு மேலுறை, தலையணையுறை என்ற பொருளும் இருப்பதால் அது நியாயமான கேள்விதான். கட்டுரையில் அழுத்தும் துணியை 'வடிதுணி' என்றே எழுதி, வடியுறை முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் சிக்கல் வராது.

ரென்னெட்டுக்கு 'திரிப்பான்' என்று ஒரு யோசனை வந்தது. அதை ஏற்க முடியவில்லை. பால் திரிவது வேறு, உறைவது வேறு. சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் அது திரிகிறது. பனீர் அப்படித்தான் வருகிறது. ரென்னெட் அப்படிச் செய்வதில்லை. கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுத்த கைமோசின் என்ற நொதி, பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் கப்பா கேசினை வெட்டிவிடுகிறது. துகள்கள் பின்னிக்கொண்டு பால் முழுதாக, கத்தி வைத்தால் பிளவு விழும் பதத்தில் உறைகிறது. எனவே 'உறைநொதி' சரியாக இருக்கும். இன்று பூஞ்சையிலிருந்தும் அதே வேலையைச் செய்யும் நொதிகளை எடுக்கிறார்கள் என்பதால் இரைப்பையைச் சொல்லில் கொண்டுவர வேண்டாம்.

பாலாடைக்கட்டியா, பாற்கட்டியா என்ற பழைய சண்டையை இந்த இழையில் கிளப்ப வேண்டாம். பாலாடை என்பது பாலின் மேல் படியும் ஏடு, இதில் அதற்கு வேலையில்லை என்பதால் நான் பாற்கட்டி என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரைக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று ஒருவர் கேட்டிருந்தார். காய்ச்சாத பாலில் செய்வதால் இந்தக் குடும்பங்கள் பல காலம் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2002-இல் மினாஸ் மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2008-இல் பிரேசிலின் மரபுச்செல்வ நிறுவனம் இந்தச் செய்முறையைப் பதிவு செய்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்முறையின் உயிரே பிங்கோதான். அதற்குத் தமிழில் வைக்கும் பெயர் ஏனோதானோ என்று இருந்தால் எனக்கு மனம் ஒப்பாது.

மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் உறை, வடியுறை, துருவுறை, உறைநொதி நான்கையும் கட்டுரையில் போட்டுவிடுகிறேன். இன்னும் ஒன்று பாக்கி: வெட்டித் தெளிவை இறுத்த பிறகு, அச்சில் போடுவதற்கு முன் இருக்கும் அந்த ஈரமான நொறுங்கலை அங்கே 'மாசா' என்கிறார்கள். திரளை என்று எழுதலாம் என்றால் அது வெண்ணெய்க்குப் போய்விடுகிறது. பால்மாடு வைத்திருக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். கெட்டித் தயிர் உடைந்து தண்ணீர் பிரிந்து நிற்கும்போது அந்தக் கட்டிகளை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?