ஏத்தத்துல வண்டி ஆஃப் ஆகி பின்னாடி உருளுது, என்ன செய்யணும்?

சாரல்வீடு
வணக்கம். ஊர் புளியரை, வயசு 43. சைக்கிள் தவிர வேற எதுவும் ஓட்டினதில்ல. வீட்டுக்காரரோட 100 சிசி பைக், நாலு கியர், டிரம் பிரேக். எல்.எல்.ஆர். எடுத்து மூணு வாரம் ஆச்சு. சமதளத்துல ஓட்டிருதேன். கேரளா எல்லையில இருக்கிற கோட்டவாசலுக்குப் போற மலை ரோட்டுல எஸ் வளைவுக்கு முன்னால லாரி வரிசை நின்னா நானும் நிக்கணும். திரும்ப எடுக்கும்போது பத்துல எட்டுத் தடவை எஞ்சின் நின்னுருது. நிக்கலைன்னா வண்டி பின்னால உருளுது. முன் பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டு எடுத்துப் பார்த்தேன், குதிச்சிக்கிட்டுப் போகுது. கோளாறு வண்டியிலயா, என் கையிலயா?

கிளட்ச்கேபிள்
ரெண்டுலயும் இருக்கலாம். முதல்ல வண்டியைப் பார்த்துருங்க அக்கா, பத்து நிமிஷ வேலை.

எஞ்சினை அணைச்சுட்டு கிளட்ச் லீவரை ஒரு விரலால மெதுவா இழுங்க. கேபிள் இறுகுறதுக்கு முன்னால லீவர் நுனி 10-லிருந்து 20 மில்லிமீட்டர் சும்மா ஆடணும், ஒரு விரல் தடிமன்னு வச்சுக்கலாம். அதுக்கு மேல ஆடினா லீவரை முழுசாப் பிடிச்சாலும் கிளட்ச் சரியாப் பிரியாது. முதல் கியர் போடும்போதே டக்குனு இழுக்கும், நியூட்ரலும் விழாது. ஆட்டமே இல்லைன்னா கிளட்ச்சுக்குள்ள இருக்கிற பிளேட் எப்பவும் பாதி வழுக்கிக்கிட்டே இருக்கும். எஞ்சின் கத்தும், ஏத்தத்துல வண்டி ஏறாது. லீவர் பக்கத்துல இருக்கிற திருகுலயே கொஞ்சம் சரிசெய்யலாம். அதுல முடியலைன்னா கேபிளோட எஞ்சின் பக்க முனையில இன்னொரு நட்டு இருக்கு, அதை மெக்கானிக்கிட்ட விட்டுருங்க. கேபிள் லீவர்ல மாட்டுற இடத்துல ஒண்ணு ரெண்டு கம்பி பிரிஞ்சு நின்னா கேபிளையே மாத்திருங்க, மலை ரோட்டுல அறுந்தா ரொம்ப சிரமம்.

அடுத்தது ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காதப்போ எஞ்சின் சும்மா ஓடுற வேகம். கார்புரேட்டர் வண்டின்னா சூடான பிறகு நிமிஷத்துக்கு 1,400 சுத்துக்குப் பக்கத்துல நிக்கணும். அது குறைஞ்சிருந்தா எவ்வளவு பழகின கையா இருந்தாலும் ஏத்தத்துல ஆஃப் ஆகும். செயின் ரொம்பத் தொங்கினாலும் குதிக்கும். கீழ்ப்பக்கச் செயினை நடுவுல தூக்கிப் பார்த்தா இரண்டரை, மூணு சென்டிமீட்டருக்கு மேல ஆடக் கூடாது.

இன்னொண்ணு, பல புது வண்டியில சைடு ஸ்டாண்டு கீழ இருந்தா கியர் போட்டதும் எஞ்சின் நின்னுரும். அந்த ஸ்விட்ச்ல சேறு அடைச்சாலும் அதே கதைதான்.

கோட்டவாசல் 744
வண்டி சரியா இருந்தா மிச்சம் இடது கையில இருக்கு. நீங்க பழகவேண்டியது கிளட்ச்சை விடுறதை இல்லைங்க, பாதியில நிறுத்திப் பிடிக்கிறதை. அது வராம எஸ் வளைவு பக்கம் போகாதீங்க.

சமதளத்துல ரெண்டு காலையும் ஊனி உக்காருங்க. முதல் கியர். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். லீவரை நூல் நூலா விடுங்க. ஒரு இடத்துல எஞ்சின் சத்தம் லேசாத் தணியும், வண்டி முன்னால ஒரு மூச்சு நகரும். அதுதான் கிளட்ச் பிடிக்கிற இடம். விரல் அங்கேயே நிக்கட்டும். அரை அடி நகர்ந்ததும் திரும்ப முழுசா இழுத்துருங்க. இதையே இருபது, முப்பது தடவை. விரலுக்கு இடம் தெரிஞ்ச பிறகு காலால தரையைத் தொட்டுக்கிட்டே நடை வேகத்துல இருபது அடி போங்க. ஆக்சிலேட்டர் அதுக்கப்புறம்தான்.

பெரியவங்க பழகும்போது வர்ற பழக்கம் ஒண்ணு இருக்கு. வண்டி நகர்ந்த உடனே ‘கிளம்பிருச்சு’ன்னு லீவரை விட்டுருவாங்க. எஞ்சின் நிக்கிறது அந்த நொடியிலதான். நகர்ந்த பிறகும் வண்டி ஒரு வண்டி நீளம் போற வரைக்கும் விரல் அங்கேயே இருக்கணும்.

இனி ஏத்தம். குளத்தங்கரை மேல ஏறுற மண் சரிவு மாதிரி ஆளில்லாத சின்ன ஏத்தமாப் பாருங்க. இடது கால் தரையில, வலது கால் பின் பிரேக்கு மேல. முன் பிரேக் வேண்டாம். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் ஒரே கைதான், பழகாத கை ரெண்டையும் ஒண்ணா விடும், அதனாலதான் உங்களுக்குக் குதிக்குது. பின் பிரேக்கை மிதிச்சபடியே சத்தம் கொஞ்சம் உயர்ற அளவுக்கு ஆக்சிலேட்டர் கொடுத்து அப்படியே வச்சிக்கோங்க. கிளட்ச்சை பிடிக்கிற இடம் வரைக்கும் விடுங்க. சத்தம் தணியும், வண்டி முன்னால முட்டிப் பார்க்கும், கயிறு கட்டின மாடு இழுக்கிற மாதிரி. அப்போ காலை பிரேக்குலருந்து எடுங்க. வண்டி தானா ஏறும், பின்னால ஒரு அங்குலம்கூட உருளாது. முட்டுறதுக்கு முன்னால காலை எடுத்தா உருளும். முட்டின பிறகும் எடுக்காம லீவரை விட்டுக்கிட்டே போனா ஆஃப் ஆகும்.

பதறினா செய்யவேண்டியது ஒண்ணே ஒண்ணு: கிளட்ச்சை முழுசாப் பிடிச்சு, பின் பிரேக்கை மிதிங்க. வேற எதையும் யோசிக்க வேண்டாம்.

சாரல்வீடு
ரொம்ப நன்றி அண்ணாச்சி. லீவர் ரெண்டு விரல் தடிமன் ஆடிச்சு, சரி பண்ணியாச்சு. அஞ்சு நாள் குளத்தங்கரையில பழகினேன். இப்ப உருளலை, ஆஃப் ஆகிறதும் அபூர்வம். ஆனா நேத்து பத்துப் பன்னெண்டு தடவை தொடர்ந்து எடுத்த பிறகு தீஞ்ச வாடை வந்துச்சு. சத்தம் ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது.

கிளட்ச்கேபிள்
கிளட்ச் சூடாகிருச்சு. பாதிப் பிடியில பிளேட் உரசிக்கிட்டேதான் இருக்கும், பழகும்போது தவிர்க்க முடியாது. அஞ்சாறு தடவை எடுத்தா எஞ்சினை அணைச்சுட்டு பத்து நிமிஷம் ஆறவிடுங்க. ஏத்தத்துல நிக்கும்போது கிளட்ச்சைப் பாதி பிடிச்சே வண்டியைத் தாங்கி வைக்கக் கூடாது, நிறுத்தி வைக்கிறது பிரேக்கோட வேலை. லாரி நகரலைன்னா நியூட்ரல் போட்டு காலை பிரேக்குல வச்சு உக்காருங்க. ஓடும்போது லீவர் மேல விரல் தொங்கிக்கிட்டு இருந்தாலும் இதே வாடை வரும்.

ஆறின பிறகும் வழுக்கினா லீவர் ஆட்டத்தை திரும்ப அளந்து பாருங்க. இப்ப அதிகமா இறுக்கியிருக்கலாம். எஞ்சின் ஆயிலையும் ஒரு தடவை பாருங்க. இந்த வண்டியில கிளட்ச் அதே ஆயில்லதான் முங்கி ஓடுது. கார் ஆயில் ஊத்தியிருந்தா வழுக்கும், பைக்குக்குன்னு இருக்கிறதைத்தான் ஊத்தணும்.

கழுதுருட்டி
ஏறுறதைச் சொல்லியாச்சு, இறங்குறதை யாரும் சொல்லலையே. ஆரியங்காவுலருந்து புளியரைக்குத் திரும்பும்போது நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வர்றவங்களை தினமும் பார்க்கேன், மனசு பதறுது. எஞ்சினோட பிடி போயிட்டா முழு எடையும் பிரேக் மேலதான் விழும். டிரம் பிரேக் தொடர்ந்து சூடாச்சுன்னா பிடிப்பு குறையும், எஸ் வளைவுக்கு வரும்போது மிதிச்சாலும் நிக்காது. எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க, ரெண்டு அல்லது மூணு. கிளட்ச்சை விட்டே வச்சிருங்க. பிரேக்கை விட்டு விட்டுப் பிடிங்க, வளைவுக்குள்ள போறதுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைச்சிருங்க.

ரோடு குறுகின இடத்துல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, நாமதான் ஒதுங்கணும். பாரம் ஏத்தின லாரி வளைவுல வெளிப்பக்கமா அகலமா எடுத்துத்தான் திரும்ப முடியும். அவனோட பின் சக்கரம் உள்பக்கம் வெட்டிக்கிட்டு வரும். அதனால வளைவுல லாரிக்குப் பக்கவாட்டுல போய் நிக்கவே கூடாது. முன்னால ரெண்டு வண்டி நீளம் விட்டு நில்லுங்க, அவன் உருண்டாலும் இடம் இருக்கும்.

சாரல் மாசத்துல ரப்பர் தோட்ட நிழல்ல ரோடு மத்தியானம் வரைக்கும் காயாது. காஞ்சு கிடந்த ரோட்டுல விழுற முதல் தூறல்தான் ரொம்ப வழுக்கும், எண்ணெயும் தூசியும் மேல மிதந்து வரும். வெள்ளைக் கோடு, ஈர இலை, மணல் மேல பிரேக் பிடிக்காதீங்க. துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கோங்க, பின் சக்கரத்துல சிக்கினா கழுத்தை இழுத்துரும்.

அந்தப் பக்கம் கேரளா என்பதால எல்.எல்.ஆர். செல்லாதோன்னு சந்தேகம் வேண்டாம், இந்தியா முழுக்க செல்லும். முன்னும் பின்னும் சிவப்பு எல் எழுத்து இருக்கணும். பின்னால லைசென்ஸ் உள்ள, சொல்லிக்கொடுக்கிற ஆளைத் தவிர வேற யாரையும் ஏத்தக் கூடாது. உக்கார்ற ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் வேணும்.

சாரல்வீடு
கடைசியா ஒண்ணு. எட்டு போடும்போது கால் ஊனிருதேன். டெஸ்டுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?

கோட்டவாசல் 744
எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழிஞ்சா போகலாம், அது 6 மாசம் செல்லும். அவசரப்படாதீங்க. ‘கியர் உள்ளது’ன்னு எல்.எல்.ஆர்.ல இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க. கியர் இல்லாததுக்கு எடுத்திருந்தா இந்த வண்டியை ஓட்ட முடியாது.

எட்டுல கால் ஊன்றதுக்குக் காரணம் கண்ணு. முன் சக்கரத்தைப் பார்த்தா அங்கேயே சாயும். பாதி வட்டம் தள்ளி, அடுத்து போகவேண்டிய இடத்தைப் பாருங்க, கழுத்தும் சேர்ந்து திரும்பட்டும். முதல் கியர், ஆக்சிலேட்டர் ஒரே அளவு. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கிளட்ச் பாதிப் பிடியும் பின் பிரேக் லேசான அழுத்தமும் போதும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டா வண்டி அப்படியே உள்பக்கம் விழுந்துரும். முட்டி ரெண்டும் டேங்கை அணைச்சிருக்கட்டும்.

ரெண்டு செங்கலை, நடந்தா பன்னெண்டு எட்டு வர்ற இடைவெளியில வச்சு சுத்திப் பழகுங்க. வந்த பிறகு ஒவ்வொரு எட்டா கிட்ட நகர்த்துங்க. இடது திருப்பம் சுலபமா வரும், வலதுதான் படுத்தும். வலது கை மடங்கும்போது ஆக்சிலேட்டர் தானா முறுகும், முழங்கையைத் தளர்த்தி மணிக்கட்டைக் கீழ வச்சா நின்னுரும்.